தண்ணீர் குடிக்காத உத்தரம்

ஆகஸ்டு மாதத்தில் தோக்மோக் நகரச் சந்தையில் தர்பூசணி குவியத் தொடங்கிவிட்டால், புருல்கான் ஒரு கிலோ தக்காளியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பியதாக வரலாறு இல்லை. முன்பின் தெரியாதவர்கள்கூட அவர் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன்."

அவர் பழத்தைத் தோளுயரத்துக்குத் தூக்கி, நடுவிரலின் கணுவால் இரண்டு தட்டுத் தட்டிக் காதோரம் கேட்பார். "இது இன்னும் நாலு நாள் வெயில்ல கிடக்கணும். அதோ, அந்த வரிசையில மூணாவது இருக்கு பாரு, அதை எடு."

"ஐயோ அக்கா, நீங்க வந்தாலே என் பாதிப் பழம் நின்னுபோகுது. உங்களுக்கு ஒண்ணு சும்மாவே தரேன், அந்தக் கடைப்பக்கம் போய் நில்லுங்க," என்று வியாபாரி கும்பிடாத குறையாகக் கெஞ்சுவான்.

அந்தக் காது பழத்துக்காகப் பழகிய காதன்று. புருல்கான் பத்தொன்பது வயதில் பூச்சு வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் பூச்சு எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டாமல் பொக்காய் நிற்கிறது என்பதைச் சிறு சுத்தியலால் தட்டியே சொல்லிவிடுவார். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி வலுப்படுத்தும் வேலை பரவியபோது, அந்தக் காதே அவரைக் கார்பன் துணி ஒட்டும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது வயது ஐம்பத்தெட்டு. ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். மலைக்கு இந்தப் பக்கத்தில் அவர் ஒட்டிய துணி ஒன்றுகூடப் பிய்ந்து தொங்கியதில்லை என்பது தொழிலறிந்தவர்கள் ஒப்புக்கொண்ட செய்தி.

வேலையைச் சொல்வது எளிது. பாரம் ஏறினால் உத்தரம் நடுவில் தாழ்ந்து வளையும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அமுக்கினால் அசையாத கான்கிரீட், இழுத்தால் விரிந்துவிடும். அந்த இழுப்பைத் தாங்குவதற்குத்தான் உள்ளே கம்பி இருக்கிறது. கம்பி போதாமற் போன உத்தரத்தின் அடியில் கார்பன் இழைத் துணியை எபாக்சிப் பசையால் ஒட்டினால், அது வெளியிலிருந்து கம்பியின் வேலையைச் செய்யும். சட்டைத் துணி அளவே கனமுள்ள அந்தக் கறுப்புத் துணி இரும்பைவிட வலியது. ஆயினும் அதைக் கான்கிரீட்டோடு பிடித்துவைப்பது நகத்தின் கனமே உள்ள பசைதான். பசையின் பிடி போனால், துணி எவ்வளவு வலியதாயினும் வெறும் தோரணமே.

ஆகவே புருல்கானின் சட்டங்கள் யாவும் பசையைச் சுற்றியே இருந்தன. கான்கிரீட்டின் மேல்தோலை உள்ளிருக்கும் கல் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தூசியை இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும். அன்றைக்கே, பொழுது சாயுமுன், முதற்பூச்சுப் பசையைத் தடவிவிட வேண்டும். "தேய்ச்ச கான்கிரீட்டைத் தூங்கவிடாதே" என்பது அவர் குழுவின் மூலமந்திரம்.

அந்த மந்திரத்தை அவரே மீறிய கதைதான் இது.

தோக்மோக்கை அடுத்த ஒரு குடியிருப்பில் பள்ளிக்கூட உணவுக்கூடம் ஒன்று. கூரையைத் தாங்கியவை ஆறு உத்தரங்கள். கடந்த பிப்ரவரியில் கூரைமேல் ஓராள் உயரப் பனி சேர்ந்தபோது, ஆறின் அடியிலும் நாணயம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அன்றே கூடத்தைப் பூட்டினார்கள். அதன்பின் அறுநூறு பிள்ளைகள் நடைக்கூடத்துச் சன்னல் விளிம்புகளில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே சூப் குடித்தார்கள். செப்டம்பர் முதல் தேதி, முதல் மணி அடிக்கும் நாளில் கூடம் திறக்கும் என்று தலைமையாசிரியை கிளாரா பெற்றோர் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு ஆகஸ்டு மாதத்தில் புருல்கானின் தலையில் வந்து இறங்கியது.

முதலில் எடுத்துக்கொண்ட மூன்று உத்தரங்கள் ஒரு குறையுமின்றி முடிந்தன. அவை சன்னல் பக்கத்தவை, சமையலறையிலிருந்து எண்ணினால் நான்கும் ஐந்தும் ஆறும். சமையலறைப் பக்கத்து மூன்றையும் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தேய்த்து, தூசி உறிஞ்சி முடித்தார்கள். சமையலறைக்குள் தூசி போகாதிருக்கப் பரிமாறும் சாளரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் அவிழ்த்தார்கள். பசை கலக்கும் வேளையில் மின்சாரம் போயிற்று.

பசையையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் கலக்கும் மாமித், நின்றுபோன இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி, "சாயங்காலம் வரைக்கும் வராதாம் அக்கா. கையால கலக்கட்டுமா?" என்று கேட்டான்.

"கையால கலக்க இது என்ன ரொட்டி மாவா? பாதி வேகும், பாதி வேகாது. நாளைக்குக் காலையில தடவலாம். ஒரு ராத்திரிதானே."

மந்திரம் முதலில் மீறப்பட்டது அங்கேதான். ஆனாலும் அந்த ஓர் இரவோடு நின்றிருந்தால் கெடுதியில்லை. உம்சுனை என்னும் பள்ளிச் சமையற்காரி அப்போது சாளரத்தின் வழியே தலையை நீட்டினாள்.

"என்ன அக்கா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? கரண்டுதானே போச்சு, ஆளா போச்சு?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி. அசானுக்கு எண்ணெய் வாசம் ஏத்தணும். ஆறு வருஷத்துல ஒரு வெள்ளி தவறினதில்ல. வீட்டுல இருக்கறது கரண்டு அடுப்பு, கரண்டு வர்றதுக்குள்ள பொழுது போயிடும்."

அசான் அவர் கணவர், கிரேன் ஓட்டியவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர். வெள்ளிக்கிழமை வாணலியில் எண்ணெய் காய்ந்து வாசம் எழ வேண்டும். மறைந்தவர்களுக்கு அந்த வாசம்தான் சோறு. எழாத வீட்டு வாசலில் அவர்கள் பசியோடு நின்று திரும்புவார்கள்.

"இதுக்கா இவ்வளவு? கேஸ் அடுப்புக்குக் கரண்டு எதுக்கு? மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். இங்கேயே ஏத்திடுவோம். இந்தப் பீமுக்கும் ஒரு ஆசீர்வாதம் ஆச்சு."

"ஏத்துடி. நல்லா ஏத்து. ஏழு வட்ட ரொட்டி அவருக்கு, மிச்சத்தைப் போர்சோக்காப் போடு, நம்ம ஆளுங்க சாப்பிடட்டும்," என்றார் புருல்கான்.

உம்சுனை தாராள மனத்தாள். ஏழு ரொட்டியோடு நில்லாமல், தலையணை போல் உப்பும் போர்சோக் உருண்டைகளைக் கூடை கூடையாகப் பொரித்தெடுத்தாள். பருத்திக்கொட்டை எண்ணெயும் ஆட்டுக்கொழுப்பும் இரண்டு மணி நேரம் புகைந்தன. மின்சாரமின்றிப் புகைபோக்கி விசிறி நின்றிருந்தது. நீலப்புகை சாளரம் வழியாக உணவுக்கூடத்துக்குள் மெல்ல நுழைந்து, மேலே சென்று, அந்தப் பக்கத்து உத்தரங்களுக்கிடையே தங்கியது. குழுவினர் வட்டமாக அமர்ந்து, மறைந்தவர்களுக்கு வேண்டிக்கொண்டு, உள்ளங்கைகளை முகத்தில் தடவிக்கொண்டு வயிறார உண்டார்கள். தூசிக்கு மறைப்புக் கட்டத் தெரிந்தவர்களுக்குப் புகைக்குக் கட்டத் தோன்றவில்லை. அந்த மணம் அங்கிருந்த எவருக்கும் அழுக்கென்று படவில்லை, படவும் முடியாது.

மறுநாள் காலை பசை தடவி, துணி விரித்து, ரோலரால் காற்றை வெளியேற்றி, மேலும் ஒரு பூச்சுப் பூசி முடித்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை, மேற்பார்வைப் பொறியாளர் தலாய்பெக் சோதனைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர். துணியின் மேல் இரும்பு வில்லையை ஒட்டி, அதைச் சுற்றி வட்டமாக வெட்டி, கருவியால் இழுத்துப் பிடுங்குவது சோதனை. அளவுமானியில் முள் ஒன்றரையைத் தாண்ட வேண்டும். பிய்வது பசையில் நேராமல் கான்கிரீட்டுக்குள்ளே நேர வேண்டும். விதிப்படி மூன்று இடங்கள். சமையலறைப் பக்கம் மேசைகள் அடுக்கப்பட்டிருந்தமையால், ஏணி வைக்க வசதியான சன்னல் பக்கத்திலேயே முந்தைய நாள் மூன்று வில்லைகளையும் ஒட்டியிருந்தார்கள்.

மூன்றும் இரண்டைத் தாண்டியே பிய்ந்தன. ஒவ்வொரு வில்லையின் முதுகிலும் கைப்பிடிக் கான்கிரீட் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்துப் புருல்கான் தம் சுத்தியலோடு ஏணியில் ஏறி, ஆறு உத்தரங்களையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போனார். எங்கும் பொக்கு ஒலி இல்லை.

"எல்லாம் கெட்டியா பேசுது தம்பி," என்று சொல்லி இறங்கினார்.

"உங்க காது சொன்னா அப்புறம் என் கருவி எதுக்கு அக்கா?" என்று சிரித்தபடியே தலாய்பெக் சான்றிதழை எழுத அமர்ந்தார். கிளாராவின் முகத்தில் பிப்ரவரிக்குப்பின் முதன்முறையாக வெளிச்சம் வந்தது.

உம்சுனைக்கு நல்ல செய்தியைக் கேட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. மேசைமீது ஏறி, ஈரத்துணியால் சமையலறைச் சுவரை அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். துணியை அவள் உதறிய வேகத்தில் இரண்டாம் உத்தரத்தின் பக்கவாட்டில் தண்ணீர் தெறித்தது. கார்பன் துணி ஒட்டிய ஓரத்துக்கு மேலே, தேய்த்தும் ஒட்டாமல் விட்ட நான்கு விரற்கடை வெறும் கான்கிரீட் இருந்தது. அங்கே பட்ட நீர், தாமரை இலைத் தண்ணீராய், முத்து முத்தாக நின்றது. பிறகு உருண்டு விழுந்தது.

புருல்கான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்த கான்கிரீட் தாகமுள்ள பொருள். ஒரு துளி பட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்க வேண்டும். அவர் தம் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் சென்று, ஐந்தாம் உத்தரத்தின் ஓரத்தில் விரலால் தெளித்தார். கான்கிரீட் அக்கணமே குடித்தது. திரும்பி வந்து இரண்டாவதில் தெளித்தார். அது குடிக்கவில்லை. முதலாவதும் மூன்றாவதும் அப்படியே.

வெள்ளிக்கிழமையும், நீலப்புகையும், "நல்லா ஏத்து" என்று தாம் சொன்ன சொல்லும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. புகையோடு வந்து படிந்த எண்ணெய் நீரைத் தள்ளுகிறது என்றால், பசையையும் பிடிக்கவிட்டிருக்காது.

"தம்பி, எழுதாதீங்க."

"முடிச்சாச்சே அக்கா. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"அந்த ஒண்ணைப் போடாதீங்க. இந்தப் பக்கம் மூணு பீம்லயும் வில்லை ஒட்டி இழுக்கணும்."

தலாய்பெக் பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். "விதிப்படி மூணு இடம். மூணும் பாஸ். நீங்களும் இப்பதானே தட்டிப் பார்த்தீங்க?"

"தட்டினேன். பசை தொட்டுக்கிட்டுதான் இருக்கு, பொக்கு இல்ல. ஆனா பிடிச்சிருக்கான்னு தெரியல. தொட்டுக்கிட்டு இருக்கறதுக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கும் என் சுத்தியலுக்கு வித்தியாசம் தெரியாது."

கிளாரா அருகில் வந்தார். கண்டிப்புக்குப் பேர்போன குரல் தாழ்ந்திருந்தது. "புருல்கான், இன்னும் ஏழே நாள். ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். உங்களுக்கு வெறும் சந்தேகம்தானே? இதை வேற யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

"ஜனவரியில பனி கண்டுபிடிச்சுடும் டீச்சர். இந்தப் பீமுக்கு நேர்கீழே யாரை உட்கார வைப்பீங்க?"

கிளாராவின் பார்வை பரிமாறும் சாளரத்தின் பக்கம் போயிற்று. சாளரத்துக்கு அருகே, சூடாகப் பரிமாற வசதியான இடத்தில், முதல் வகுப்புப் பிள்ளைகளைத்தான் எப்போதும் அமர்த்துவார்கள்.

அன்று மாலையே மூன்று வில்லைகள் ஒட்டப்பட்டன. மறுநாள் காலை தலாய்பெக் இரண்டாம் உத்தரத்தில் கருவியைப் பொருத்தித் திருகத் தொடங்கினார். முள் அரையைத் தாண்டியது. பூஜ்யம் புள்ளி ஆறில் 'டொப்'பென்று ஓர் ஒலி. வில்லை அவர் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் ஒரு மணல்கூட இல்லை. தேய்ந்த காசைப் போலப் பளபளத்தது. மற்ற இரண்டும் ஒன்றைத் தொடவில்லை.

வில்லையை வாங்கி முகர்ந்து பார்த்தவள் உம்சுனை. சமையற்காரியின் மூக்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை... என் எண்ணெயா அக்கா?"

"எண்ணெய் உன்னோடது. ஏத்தச் சொன்ன வாய் என்னோடது. நீ ஏன்டி அழற?"

"பீமுக்கு ஆசீர்வாதம்னு சொன்னேனே, பாவி!"

"ஆசீர்வாதம் பலிச்சுதான் இருக்கு. நீ சுவரைத் துடைக்காம இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்து ஆகியிருக்கும்."

அதன்பின் புருல்கான் தலாய்பெக்கிடம் அறிக்கைத்தாளைக் கேட்டு வாங்கினார். 'குறைக்குக் காரணம்' என்ற கட்டத்தில், மின்தடை என்றோ, வானிலை என்றோ எழுதியிருக்கலாம். எழுதினால் மறுப்பார் இல்லை. அவர் தம் வட்டமான பள்ளிக்கூட எழுத்தில் எழுதினார்: 'தேய்த்த உத்தரங்களின் அருகே எண்ணெய் பொரிக்கக் குழுத்தலைவரே சொன்னார். முதற்பூச்சை ஒரு நாள் தள்ளிப்போட்டவரும் அவரே.' கீழே முழுப்பெயரையும் இட்டார்.

"அக்கா, இவ்வளவு பச்சையா எழுதணுமா? உங்க பேர் என்ன ஆகும்?" என்றார் தலாய்பெக்.

"இப்படி எழுதினாதான் அடுத்த குழு சமையலறைக் கதவை மூடும். என் பேர் தர்பூசணிக்காரனுக்குத்தான் வேணும்."

ஒட்டுவதைவிட உரிப்பது கடினம். சூடுகாற்று ஊதி, உளியால் நெம்பி, மூன்று உத்தரங்களின் துணியையும் உரித்தார்கள். பிடிக்காமலிருந்த இடங்களில் அது பழைய சுவரொட்டி போல் பரிதாபமாகக் கழன்று வந்தது. அதைக் காணச் சகியாமல் மாமித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எண்ணெய் நீக்கும் நீர்மம் கொண்டு கழுவி, காயவைத்து, மேலும் ஒரு நகக்கனம் தேய்த்தார்கள். புருல்கான் அடிக்கு ஒரு துளி வீதம் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். குடிக்காத இடத்தில் மீண்டும் தேய்க்கும் கிரைண்டர் ஓடியது. அடுத்த வேலைக்கென்று வைத்திருந்த துணிச்சுருளை எடுத்து வந்தார். ஒவ்வோர் உத்தரத்துக்கும் தேய்ப்பும் முதற்பூச்சும் ஒரே நாளில். சனிக்கிழமை மாலை மூன்றாவதும் முடிந்தது. ஆனால் பசை முழு வலிமை பெற ஏழு நாள் வேண்டும். அதைக் கெஞ்சியும் குறைக்க இயலாது, மிரட்டியும் குறைக்க இயலாது.

செப்டம்பர் முதல் தேதி முதல் மணி அடித்தபோது உணவுக்கூடத்தில் பூட்டுத் தொங்கியது. கிளாரா மேசைகளை முற்றத்துப் பாப்ளர் மரவரிசையின் கீழ் போடச் செய்திருந்தார். பெற்றோர் முன்னிலையில் அவர் பேசுவதற்குள் புருல்கான் முன்வந்து, தவறு தம்முடையதென்றும், இன்னும் ஒரு வாரம் வேண்டுமென்றும் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

கூட்டத்தில் ஒரு தந்தை விடவில்லை. "தர்பூசணி தட்டற அம்மாதானே நீங்க? பழத்துக்குக் கேக்கற காது பீமுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி. கேட்டதை மட்டும் நம்பினேன். அதான் தப்பு."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். உம்சுனை முற்றத்து மூலையில் பெரிய வாணலியை ஏற்றி, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் தட்டை நிரப்பத் தொடங்கினாள்.

எட்டாம் தேதி தலாய்பெக் மீண்டும் வந்தார். விதி மூன்று இடங்கள் என்றது. புருல்கான் ஒன்பது வில்லைகளை ஒட்டி வைத்திருந்தார். அவற்றில் ஆறு சமையலறைப் பக்கத்தில். ஒன்று, இரண்டு, மூன்று என இழுக்க இழுக்க, ஒவ்வொன்றும் கான்கிரீட்டைக் கவ்விக்கொண்டே வந்தது. கடைசி வில்லை இரண்டாம் உத்தரத்தில், சாளரத்துக்கு நேர்மேலே. முள் ஒன்றரையைக் கடந்தது, இரண்டைக் கடந்தது. உம்சுனை துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு புள்ளி ஏழில், கல் உடையும் கனத்த ஒலியோடு வில்லை வந்தது. முதுகில் கோழிமுட்டை அளவு கான்கிரீட். தலாய்பெக் கையெழுத்திட்டார். கிளாரா அந்த வில்லையைக் கேட்டு வாங்கி, தம் மேசைமீது தாள்களுக்குப் பாரமாக வைத்துக்கொண்டார்.

அன்று நண்பகலில் முதல் வகுப்பு இரண்டாம் உத்தரத்தின் கீழ் அமர்ந்து சூப் குடித்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை, சோதனை வில்லைகள் பிய்த்த இடங்களைப் பூசிமுடிக்க வந்த புருல்கான், முற்றத்து மூலையில் எண்ணெய் காய்வதைக் கண்டார்.

"இவ்வளவு தள்ளியா ஏத்தற?"

"உள்ளே ஏத்தினா பீம்தான் சாப்பிடுது, உங்க வீட்டுக்காரருக்கு எங்கே போகுது? இங்கேன்னா காத்து கொண்டுபோயிடும். கிரேன்ல உட்கார்ந்தே பழகின மனுஷன், மேலே இருந்தே பிடிச்சுப்பார்," என்றாள் உம்சுனை. இருவரும் சிரித்தார்கள், பிறகு கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள்.

தர்பூசணிக் காலத்தின் கடைசி வாரத்தில் புருல்கான் தோக்மோக் சந்தைக்குச் சென்றார். பள்ளிக்கூடத்துக் கதை தமக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தே சென்றார், வந்துதான் இருந்தது. ஆயினும் ஒரு பெண் வழக்கம் போல் கையைப் பிடித்து இழுத்தாள். புருல்கான் பழத்தைத் தூக்கி, இரண்டு தட்டுத் தட்டி, காதோரம் கேட்டார். பிறகு வியாபாரியிடம் நீட்டினார்.

"ஒரு துண்டு அறுத்துக் காட்டு."

"என்ன அக்கா இது, உங்க காதுக்கு என்ன ஆச்சு?"

"காது நல்லாத்தான் இருக்கு. நீ அறு."